கம்பிக் கதவுக்கு வெளியே மதுரைவீரன்

மதுரைவீரன் என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால் அவர் பாடு அவ்வளவுதான். பல்வலி வந்தால்கூட முகத்தைச் சுளிக்க முடியாது. மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்த இந்த மதுரைவீரன், சின்ன வயதில் கிணற்றுமேட்டிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். வலிக்கு அழுததைவிட, "வீரன்னு பேரு, பொட்டப்புள்ள மாதிரி அழுவுறான் பாரு" என்று சித்தப்பா சிரித்ததற்குத்தான் அதிகம் அழுதார். அதுவும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய். அதற்குப் பிறகு அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மனைவி பிரேமலதா இறந்த அன்றுகூட பந்தல்காரனுக்கு இடம் காட்டிக்கொண்டும், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டும் நின்றார். "கல்லு மாதிரி நிக்கிறாருய்யா" என்று நாலு பேர் மெச்சினார்கள். மெச்சிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் என்று காவிரியைக் கடந்து கடந்தே வயதாகி ஓய்வு பெற்றார். ஊர் முழுக்க அவர் வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது கண்டக்டர் பாலுவைத்தான். டிரைவரின் பிடரியைப் பார்த்து யாராவது சிநேகம் பிடிப்பார்களா?

வீட்டிலும் கண்டக்டர் வேலை பிரேமலதாவுடையது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, எந்த நாத்தனாரோடு பேச்சு, எந்த ஓரகத்தியோடு பேச்சில்லை என்பதெல்லாம் அவள் கணக்கு. "வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டுங்க" என்பாள், கட்டுவார். "இவருதான் மணப்பெண்ணோட தாய்மாமா" என்பாள், கும்பிடுவார். சொந்தபந்தம் என்பது தனக்கு இருக்கிற ஒன்று என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இருந்தது. அவர் கூடப் போய்வந்தார், அவ்வளவே.

அவள் போன மறு மாதம் "எதுக்கு ரெண்டு நம்பர்?" என்று அவளுடைய செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய மடத்தனம் அதுதான். அத்தனை அத்தைகளும் சித்திகளும் மதினிகளும் அந்த நம்பரோடு போனார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் படியேறுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆம்பளை தனியாக இருக்கிற வீட்டுக்குள் எந்தப் பெண் வருவாள்? வாசலில் நின்றபடியே கரண்ட் பில் விஷயம் பேசிவிட்டுப் போவார்கள். வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மகள் யமுனாவைத் துறையூர் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் தினமும் போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." "சரி, வெச்சிரட்டா?" இதுதான் பேச்சு. வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார்.

அவர் குடியிருந்த ஸ்ரீரங்கத்துத் தெற்கு வாசல் டீக்கடையில் ஒரு நாள் பெலிண்டா என்று ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் ஆண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "மனசு கஷ்டமா இருந்தா யார்கிட்டப் பேசுவீங்க சார்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "டீகிட்டதாம்மா" என்றார் பாலு. கடை முழுக்கச் சிரிப்பு. மதுரைவீரன் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆம்பளைக்கு என்னம்மா கஷ்டம்?" என்றார். அந்தப் பெண்ணும் பாவம், அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். அவளுக்குப் பட்டம் கிடைத்திருந்தால் அதில் ஒரு முழுப் பொய் இவருடையது.

யமுனாவுக்கு வளைகாப்பு வந்தது. அவள் புருஷன் சிவசங்கர் கத்தாரில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. மாமியார் செல்லக்கிளிதான் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தார். பெண்கள் உள்ளே வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது இவர் மற்ற ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். சடங்கு முடிந்து, தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற நேரத்தில் செல்லக்கிளி மெதுவாக வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அண்ணி இருந்திருந்தா வேற. பொண்ணு இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. ஆனால் பந்தலில் நாலு ஆம்பளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அது போதாதா?

"தலைப்பிரசவம் எங்க வீட்டுலதாங்க. அம்மா இல்லைன்னா என்ன? அப்பன் உசுரோட இருக்கேன்ல?" என்றார் மதுரைவீரன், தேவைக்கு மேல் உரத்த குரலில்.

செல்லக்கிளி யமுனாவைப் பார்த்தார். யமுனா தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாகூடப் போறேன் அத்தை" என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். யூடியூப் பார்த்துப் பூண்டுக்குழம்பு வைத்தார். நாட்டு மருந்துக்கடையில் பிரசவ லேகியத்துக்குச் சொல்லி வைத்தார். பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்தார். மாதாமாதம் செக்கப்புக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார். ஆனால் மகளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்பாவிடம் எதைச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடமாடினார்கள்.

ஒரு நாள் விடிந்ததும் யமுனா சமையலறை வாசலில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போலாம்ப்பா" என்றாள். அவர் ஆட்டோ கூப்பிட ஓடினார். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோது, பள்ளத்தில் விட்ட ஆட்டோக்காரரைக் கண்டபடி திட்டினார். பயத்தை அவர் கோபமாகத்தான் காட்டுவார், அப்படித்தான் பழகியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் யமுனாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே போனவரைக் கம்பிக் கதவருகே செக்யூரிட்டி அம்மா லிசி கை நீட்டி மறித்தாள்.

"ஐயா, ஆம்பளைங்க இதோட. பொண்ணுகூட உள்ள இருக்கறது யாரு?"

"நான்தான்."

லிசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்க அவங்களுக்கு யாரு?"

"அப்பா."

"அம்மா வரலையா?"

"இல்ல. தவறிட்டாங்க."

சிரிப்பு நின்றது. "அப்ப மாமியா, அத்தை, சித்தி யாராச்சும் இருப்பாங்கல்ல? உள்ள எல்லாரும் பிரசவத்துக்கு இருக்கற பொம்பளைங்க. உங்களை எப்படிங்க விடறது? ஒரு லேடீஸை வரச்சொல்லுங்க."

"வந்துட்டிருக்காங்க" என்றார் மதுரைவீரன்.

இந்த ஒரு விஷயத்தை அவர் யோசித்திருக்கவே இல்லை. லேகியம் வரைக்கும் யோசித்தவர், கூட நிற்க ஒரு பெண் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. யமுனா பிறந்தபோது அவர் வண்டியில் இருந்தார். டூட்டி முடிந்து வந்து பார்த்தபோது குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் யார் யார் நின்றார்கள், என்னென்ன செய்தார்கள் என்று கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

வெளியே புங்கமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போனில் ரீல்ஸ் பார்த்தான். ஒருவன் தூங்கினான். அத்தனை பேருக்கும் உள்ளே ஒரு அம்மாவோ அக்காவோ இருந்தார்கள். அதனால்தான் அவர்களால் அப்படி உட்கார முடிந்தது.

லிசி எட்டிப் பார்த்தாள். "வந்துட்டாங்களா ஐயா?"

"பஸ் ஏறிட்டாங்க."

பிளாஸ்கில் கஞ்சி கேட்டார்கள். வாங்கிக் கம்பிக்குள் நீட்டினார். துணி கேட்டார்கள், நீட்டினார். எல்லாவற்றையும் லிசியே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு முறை யமுனாவே நடந்து வந்தாள். நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மற்ற பெண்களை யாராவது தாங்கிப் பிடித்து நடத்தினார்கள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ... எப்படிம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. நான் பாத்துக்கறேன்" என்று திரும்பி நடந்தாள். பாதி தூரத்தில் நின்று, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, பிறகு மறுபடியும் நடந்தாள்.

போனை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தார். டெப்போ, டெப்போ, யூனியன், கேஸ் சிலிண்டர், பிளம்பர். யமுனாவைத் தவிர ஒரு பெண்பிள்ளை பெயர் இல்லை. செல்லக்கிளியின் நம்பர் சம்பந்தி என்ற பெயரில் இருந்தது. அதைத் தாண்டிப் போய்ப் பாலுவைக் கூப்பிட்டார்.

"என்னண்ணே?"

"பாலு, உன் வீட்டுல இருக்காங்களா? ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் வரமுடியுமா? யமுனாவுக்குப் பிரசவ வலி."

"அவ சமயபுரத்துக்குப் பால்குடம் போயிருக்காண்ணே. போனையும் வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டா." பிறகு, "யமுனா மாசமா இருக்கறதே எனக்குத் தெரியாதேண்ணே" என்றார்.

பதினொரு வருஷம் ஒரே வண்டி. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஒரே பெஞ்சில் டீ. கிரிக்கெட், பென்ஷன், தேர்தல், மழை எல்லாம் பேசியிருக்கிறார்கள். தாத்தா ஆகப்போகிறேன் என்று மட்டும் இவர் சொல்லியிருக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. எத்தனையோ பெண்களின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இது யமுனா. "அம்மா" என்று கத்தினாள். மரத்தடி ஆண்கள் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

மதுரைவீரன் செல்லக்கிளிக்குப் போன் போட்டார். பந்தலில் அத்தனை பேர் முன்னால் சொன்னதையெல்லாம் விழுங்கிவிட்டுப் பேசினார்.

"தங்கச்சி... என்னால முடியலம்மா. உள்ள விடமாட்டேங்கறாங்க. புள்ள தனியா கெடக்குது. நீங்க வந்துருங்க."

"இதோ வந்துட்டேண்ணே" என்று போன் கட்டானது.

துறையூர் தாண்டியிருந்து வரவேண்டும். எந்த பஸ், எங்கே மாறுவது, எத்தனை நேரம் என்று அந்த டிரைவர் மூளை கணக்குப் போட்டுக் கலங்கியது. வாங்கிய டீயை வாயில் வைக்கவில்லை. அதற்குள் எதிர்ச்சாரியில் மருந்துக்கடைப் படியிலிருந்து, ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து செல்லக்கிளி ஓடி வந்தார். இவரைப் பார்த்து நிற்கக்கூட இல்லை. "மாமியாருங்க" என்று லிசியிடம் சொல்லிவிட்டுக் கம்பிக் கதவுக்குள் போய்விட்டார்.

கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை. இவர் அப்படியே நின்றார்.

மதியம் தாண்டிச் செல்லக்கிளி வெளியே வந்தார். சேலை நனைந்திருந்தது. "பேரன் பொறந்திருக்கான். ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார். மரத்தடி ஆண்கள் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். "சிங்கக்குட்டிங்க!" என்றான் ஒருவன். மதுரைவீரனுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அவர்கள் நகரும்வரை காத்திருந்து கேட்டார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"ராத்திரியே வலி எடுத்துருச்சாம்ணே. அப்பவே போன் பண்ணிட்டா. மொதல் பஸ்ஸுக்கு ஏறி, நீங்க வந்து கொஞ்ச நேரத்துலயே வந்துட்டேன்."

"அப்ப ஏன் உள்ள போகல? எதுக்கு அந்த மருந்துக்கடைப் படியில போய் உக்காந்தீங்க?"

"அவதான் விடல." என்றார் செல்லக்கிளி. "'எங்கப்பா நான் பாத்துக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு அத்தை. அவரு கூப்பிடாம நீங்க வந்து நின்னா அவரு ஒடைஞ்சு போயிருவாரு. அவரா கூப்பிடட்டும். அதுவரைக்கும் நான் தாங்கிக்கறேன்'னா. நான் திட்டுனேன், அழுதேன். கேக்கல. நீங்க எப்படா கூப்பிடுவீங்கன்னு போனைக் கையில புடிச்சிட்டே உக்காந்திருந்தேண்ணே."

விடிந்ததிலிருந்து அந்த போன் போகும்வரை, பெற்ற மகள் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது மதுரைவீரனுடைய வீறாப்பைக் காப்பாற்ற. ஒரு போன். அவர் ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும். இப்படி இன்னும் எதையெல்லாம் இந்தப் பெண்கள் அவருக்காகத் தாங்கினார்களோ! பிரேமலதா எதையெல்லாம் சொல்லாமல் போனாளோ! இனி யாரைக் கேட்பது?

சாயங்காலம் ஆண்களைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். வரிசையான கட்டில்களில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். செல்லக்கிளி குழந்தையை மடியில் வைத்திருந்தார். இவரைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சன்னல் பக்கம் நகர்ந்தார். யமுனாவின் உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பைக் கூட்டிக்கொண்டாள்.

"பயந்துட்டீங்களாப்பா?" என்று வேடிக்கையாகக் கேட்டாள். "எனக்கென்ன பயம்?" என்று அவர் வழக்கம்போல் சொல்லவேண்டிய இடம் அது.

மதுரைவீரன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவள் பெரியவளானதற்குப் பிறகு அந்தக் கையை அவர் தொட்டதில்லை.

"ரொம்பப் பயந்துட்டேம்மா" என்றார். "உங்கம்மா இல்லாம எனக்கு எல்லாத்துக்குமே பயமா இருக்கு."

காலையிலிருந்து அப்பாவின் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் தோளில் முகத்தை வைத்து, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழத் தொடங்கினாள்.