மாணவரைக் கேளுங்கள்

வியோரிகாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. சிரெத் ஆற்றங்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. டீன் பாஃப்தா தொண்டையைக் கனைத்தாலே கையிலிருக்கும் காபி தளும்பும். அப்படிப்பட்டவள் ஆராய எடுத்ததோ உயர்கல்வியின் தரம்! முன்பெல்லாம் ஆய்வாளர்கள் நூலகத்துப் புத்தகங்களையும் முனைவர் பட்டங்களையும் எண்ணினார்கள், இப்போது மாணவரைக் கேட்டுத் தரம் அறிகிறார்கள் என்று கட்டுரை எழுதினாள். படித்த நாலைந்து பேரில் டீனும் ஒருவராக இருந்து தொலைத்தார்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்க. தலைநகர் புக்காரெஸ்ட்ல இருந்து மதிப்பீட்டுக் குழு வருது. பசங்களத்தான் கேப்பாங்களாமே? நீயே தயார் பண்ணிடு."

"சார்... நான் அதுக்காக எழுதலையே சார்."

"துறைக்கு அங்கீகாரம் போச்சுன்னா உன் ஒப்பந்தம் என்னாகும்? யோசிச்சுக்கோ."

வியோரிகா ஆறு மாணவர்களைப் பிடித்துப் பதில் சொல்லிக்கொடுத்தாள். இருந்த நடுக்கத்தில் ஆறு பேருக்கும் ஒரே பதிலைக் கொடுத்துவிட்டாள்.

குழு வந்தது. டீன் அறையில் பாலாடைக்கட்டி அப்பமும் பிளம் சாராயமும் பரப்பியிருந்தார்கள். குழுத் தலைவி லெட்டிசியா எதையும் தொடாமல் நேரே மாணவர்களிடம் போனார்.

"கட்டுரை எழுதினது நீங்கதானே? நீங்களும் உக்காருங்க" என்றார் வியோரிகாவிடம். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆசிரியர்கள் அறைக் கதவு எங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கும்" என்றான் முதல் மாணவன். இரண்டாமவளும் அதையே சொன்னாள். மூன்றாமவனும் அதையே ஒப்பித்தான்.

லெட்டிசியா, கடைசியில் இருந்த மாணவி இலிங்காவிடம் திரும்பினார். "நீ கடைசியா எப்பம்மா அந்த அறைக்குப் போன?"

இலிங்கா வியோரிகாவைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். "மேடம், இதுக்கு என்ன சொல்லணும்? இத நீங்க சொல்லித் தரலையே!"

இனி ஒப்பந்தம் வராது என்பது வியோரிகாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"உள்ளதச் சொல்லு, இலிங்கா" என்றாள் வியோரிகா.

"போனதே இல்ல. பயமா இருக்கும்."

"யாரப் பாத்து?" என்றார் லெட்டிசியா.

"எல்லாரையும். மேடத்தப் பாத்து மட்டும் பயமில்ல. அவங்க எங்களவிட அதிகமா பயப்படுவாங்க, பாவம்."

லெட்டிசியா அப்போதுதான் பேனாவைத் திறந்தார். வெளியே தாழ்வாரத்தில் டீன் தொண்டையைக் கனைத்தார். வியோரிகா ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்தாத" என்றாள் இலிங்காவிடம். "முழுசாச் சொல்லிடு."