தேறாத கல்

கொல்கத்தாவில் மீன் தொட்டிக்குக் கல் தேடுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கே தோண்டினாலும் ஆற்று மண்தான். கல் என்று கண்ணில் படுவதெல்லாம் ரயில் பாதையில் கிடப்பவை. அதில் எண்ணெயும் கரியும் ஊறியிருக்கும், மீனுக்கு ஆகாது என்று அப்பா எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார். அவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கைப் பரிசோதிக்கும் வேலை. மூட்டையைப் பிரிக்காமலே மோந்து பார்த்து, உள்ளே ஈரம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் வரும் எதையும் அப்படித்தான் பார்ப்பார், தீபாவளிச் சட்டை உட்பட.

கடைசியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் காட்சிலாவுக்குப் பிக்னிக் போனபோது, ஆற்றிலிருந்து மூன்று கற்களைப் பொறுக்கி வந்து கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதே வாரம்தான் அம்மா தூத்துக்குடியிலிருந்து திரும்பினாள். அவளுடைய அப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து, அவர் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அங்கிருந்து அவள் எடுத்து வந்தது ஒரே ஒரு கல். வெள்ளையாக, துளைத்துளையாக, என் இரண்டு கைக்கும் சரியாக இருக்கும். சாயங்காலங்களில் அவளும் தாத்தாவும் போய் உட்காரும் கடற்கரையில் எடுத்ததாம்.

"இதையும் தொட்டியில போடுங்க" என்றாள். வந்த பிறகு அவளாக வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். ஓயாமல் பேசுகிற அம்மா அப்படி இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கல் தண்ணீருக்குள் போய்விட்டால் அம்மா சரியாகிவிடுவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிசோதனை தொடங்கியது. சோப்பு பக்கமே போகாமல், பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நான்கு கற்களையும் தேய்த்தோம். கொதிக்க வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டுமே. அப்பா யாரையும் கேட்காமல் இட்லிச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு சமயமாக இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

ஆறிய கற்களின் மேல் அப்பா இங்க் பில்லரால் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சௌமீன் நூடுல்ஸுக்கு ஊற்ற வைத்திருந்த வெள்ளை வினிகர். நுரைத்தால் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், வாங்கி வைத்திருந்த ஏஞ்சல் மீன்கள் தாங்காது என்றார். காட்சிலாக் கற்கள் மூன்றும் சமர்த்தாக இருந்தன. அம்மாவின் கல் மட்டும் சோடா மாதிரி பொங்கியது.

அப்பா துண்டால் அதைத் துடைத்தார். "இன்னொரு தடவை கொதிக்க வெச்சு, நாளைக்குப் பார்ப்போம்."

"பரவால்ல, விடுங்க" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள் நான் வினிகர் பாட்டிலைக் குளியலறையில் கவிழ்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பா வந்து மூன்று சொட்டு விட்டார். கல் நுரைக்காமல் சும்மா இருந்தது. பில்லரை ஒரு நிமிஷம் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். அப்புறம், அடுக்களை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"தேறிடுச்சு. சுண்ணாம்பெல்லாம் கொதியில போயிடுச்சு போல."

அம்மா முழங்கை வரை கையை விட்டுக் கல்லை அவளே தொட்டியில் வைத்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள், திருப்பி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் போன வேகத்தில் திரும்பினாள். "ஏன்யா, கல்லை வேக வைக்க என் இட்லிச் சட்டிதான் கிடைச்சுதா? இனிமே அதுல மனுசன் இட்லி திங்க முடியுமா?" அரை மணி நேரம் நிற்கவில்லை. அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

அதன் பிறகுதான் அப்பாவுக்கு இந்தப் பழக்கம் வந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஆழ்துளைத் தண்ணீர், உப்புப் படியும். கீழே பொதுக்குழாயில் காலையில் ஆற்றுத் தண்ணீர் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் இரண்டு வாளி பிடித்து மூன்று மாடி ஏற்றி, தொட்டித் தண்ணீரை மாற்றுவார். நான் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், மீனைத் தின்னாமல் குளிப்பாட்டுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்வாள். அப்பா சிரித்துக்கொண்டே ஏறுவார். நான் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன்.

போன மாதம் என் மகளுக்காக ஒரு தொட்டி வாங்கினேன். கல்லில் சொட்டு விட வினிகர் மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூட்டைக்குள் இருக்கும் ஈரத்தை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு அப்பாவுடையது. எத்தனை கொதித்தாலும் அந்தக் கல்லிலிருந்து சுண்ணாம்பு போகாது, தண்ணீரில் கரைந்துகொண்டேதான் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததில்லை.

நாலு வருஷம், ஊர் மாற்றலாகும் வரை, அந்த வாளிகளை ஏற்றினார். ஒருநாள்கூட நான் ஒரு கை பிடிக்கவில்லை. மீனுக்காகத்தான் சுமக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.