ஒன்று மட்டும் சாப்பிடச் சொன்னார்

அந்த டீயில் இனிப்பே இல்லை. மேடத்தை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த டீதான். பேப்பர் கப்பில் நல்ல சூடு இருந்தது, மேலே ஆடை மிதந்தது, இஞ்சி வாசம்கூட மூக்கில் ஏறியது. இனிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது. எங்கள் கம்பெனி பசுமலையைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். பதினோரு மணிக்கு டீக்கார அண்ணன் கேனோடு வருவார். "என்னண்ணே, சீனி போட மறந்துட்டீகளா?" என்று கேட்டேன். "ஏத்தா, கேனுக்கே அரைக் கிலோ கொட்டியிருக்கேன். ஒனக்கு மட்டும் தனியாக் கரும்புத் தோட்டமா போட முடியும்?" என்றார். பேக்கிங்கில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "அக்கா மொகரையப் பாத்துச் சீனி பயந்து ஓடிருச்சுண்ணே" என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் கப்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். மற்ற எல்லோருக்கும் இனிக்கிறது, எனக்கு மட்டும் இனிக்கவில்லை என்றால், கெட்டுப்போனது டீ இல்லையே.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பரீட்சையில் எழுதியதை அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, மணி அடிக்கிறபோதும் முதல் பக்கத்திலேயே நிற்பேன். வாத்தியார்கள் திட்டித் திட்டி ஓய்ந்தார்கள், வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். ஒரு தரம் பார்த்ததை நம்ப எனக்கு வராது. இந்தக் குணத்தால் ஒரு நல்ல பிள்ளைக்கு என்ன ஆனது, அல்லது இதனால்தான் ஆனதா என்பதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் முதலில் பிள்ளைகள் சாப்பிடுகிற ஜெல்லி மிட்டாய் மட்டும்தான் போட்டோம். நான் பாகு காய்ச்சுகிற இடத்தில் இருந்தேன். பிறகு முதலாளி, சர்க்கரை கூடி வருகிற ஆட்கள், உடம்பு பெருத்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி சிறுகுறிஞ்சான் சேர்த்த ஜெல்லி போடப்போவதாகச் சொன்னார். டப்பாவில் கம்மீஸ் என்று அச்சடித்து வந்தது. எங்களுக்கு அது கடைசிவரை ஜெல்லிதான். சிறுகுறிஞ்சான் வேலியில் படர்கிற கொடி என்பது எனக்குத் தெரியும், வாயில் வைக்க முடியாத கசப்பு என்பதும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்தக் கொடியின் சத்தை இறக்கிக் காயவைத்த பழுப்புப் பொடி டிரம்மில் வந்து இறங்கியது. மூடியைத் திறந்தால் தூரத்தில் நிற்கிறவர்களுக்கே தொண்டை கசக்கும். இந்தக் கசப்பை ஜெல்லிக்குள் அடக்குவதற்காக வந்தவர்தான் மேடம்.

மேடம் என்றால் வயதானவர் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் கதிரறுத்தும்தான் அவரை உணவு சம்பந்தமான படிப்புப் படிக்க வைத்தார்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனால் முதலாளி அந்த வேலையை நிரந்தரம் என்று சொல்லவில்லை. "ஜெல்லி தேறுனா நீயும் தேறுவம்மா" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வெளியூரிலிருந்து மருந்துக்கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு எடுப்பவர்கள் இரண்டு மாதத்தில் வருவார்கள். அவர்கள் வாயில் போட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. தினமும் விடிந்ததும் கிளம்பி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உச்சி கலையாமல் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொள்வார். வேலையில் இருக்கிறபோது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பாட்டு என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் கிராம் அளவு.

ருசி பார்க்க அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "நான் எதுக்கு மேடம்? படிச்சவுக யாரையாச்சும் கூப்பிடுங்க" என்றேன். "படிப்பா ருசி பாக்கப் போகுது? மொதலாளி வாய்ல எந்நேரமும் வெத்தல. பேக்கிங் பிள்ளைக எதக் குடுத்தாலும் நல்லாருக்கு மேடம்ங்குதுக. என் நாக்கு நாள் முழுக்க இந்தப் பொடியில கெடந்து கெட்டுப்போச்சு. நீங்க ஒரு ஆள்தான்க்கா எதையுமே நல்லாருக்குன்னு சொல்லாத ஆளு" என்று சிரித்தார். வாழ்க்கையில் என் குறையை ஒருத்தர் தகுதியாக எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மறுக்க மனசு வரவில்லை.

தினமும் பத்தரை மணிக்குச் சின்னத் தட்டில் அன்றைய ஜெல்லியை வைப்பார். எனக்காகத் தமிழில் எழுதிய ஒரு தாளும் இருக்கும். கசப்பு, புளிப்பு, இனிப்பு என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்தலை, சரி, அதிகம் என்று கட்டம். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்று சாப்பிட வேண்டும், டிக் அடிக்க வேண்டும். தட்டில் எத்தனை இருந்தாலும் ஒன்றுதான். "ஏன் மேடம் ஒன்னு?" என்று கேட்டேன். "அதச் சொல்லிட்டா ஒங்க மனசு அதையே தேட ஆரம்பிச்சிரும். காரணம் வேணாம்க்கா. ஒன்னு, அம்புட்டுத்தான்." அதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நிறுக்கப் போய்விடுவார். நான் ருசி பார்த்து எழுதுகிறபோது அவர் முகத்தைப் பார்த்து எழுதிவிடக் கூடாதாம்.

ஒன்று சாப்பிடுவேன். முதலில் இனிப்பு வரும், பின்னாலேயே கசப்பு அடியில் ஓடும். இனிப்பு சரி என்று டிக் அடிக்கப் போவேன். அப்போதுதான் சந்தேகம் வரும். நிஜமாகவே சரியா? அந்தப் பிள்ளையின் வேலையே இந்தக் கட்டத்தில் இருக்கிறதே. தட்டில் இன்னும் இருக்கிறது, உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று இரண்டாவதை வாயில் போடுவேன். அதில் புளிப்பு தெரியும், எலுமிச்சை வாசம் தெரியும், இனிப்பு தெரியாது. அடடா, முதலில் நாம்தான் ஏமாந்திருக்கிறோம் என்று மூன்றாவது. அதிலும் இனிக்காது. இனிப்புக்கு எதிரே பத்தலை என்று டிக் அடித்துவிட்டு, நல்லவேளை சரிபார்த்தோம் என்று பெருமூச்சு விடுவேன். மறுநாள் மேடம், சீனிக்குப் பதிலாகப் போடுகிற இனிப்புப் பொடியை ஒரு சிட்டிகை கூட்டுவார். அன்றைக்கும் பத்தலை. நாளாக ஆகத் தட்டில் ஜெல்லி கூடிக்கொண்டே வந்தது. மூன்று இருந்தது ஐந்தானது, ஆறானது. நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் கூட்டி வைக்கிறார் போல என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் டீ இனிக்காமல் போனது. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சர்க்கரை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், மாத்திரை போட்டுத்தான் சமாளிக்கிறார். இப்போது எனக்கும் ஏதோ வந்துவிட்டது, நாக்கு நரம்பு செத்துப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் போய் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். "மிஷின்ல கோளாறு இருக்குமா தம்பி?" என்று கேட்டேன். ரிசல்ட் கொடுத்த தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு வாழைப்பழம் தித்திக்கும். காலையில் கம்பெனி டீ மட்டும் சப்பென்று இருக்கும். நோய் என்றால் நேரம் பார்த்தா வரும்? குழம்பிப் போனேன். மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவருக்கு விளங்கியிருக்கும். நாக்கில் கோளாறு என்று தெரிந்தால் ருசி பார்க்கிற இடத்திலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை. அவரோ அவ்வப்போது, "அண்ணனுக்கு எப்பிடி இருக்கு? சுகர் கொறஞ்சிருக்கா?" என்று கேட்பார். "இருக்காரு மேடம்" என்பேன்.

சரக்கு எடுப்பவர்கள் வந்த அன்று மேடம் புதுச் சுடிதார் போட்டிருந்தார். வந்தவர்களில் நரைத்த மீசை வைத்த ஒருவர் ஜெல்லியை வாயில் போட்டார். இரண்டு கடி கடித்துவிட்டுக் கைக்குட்டையில் துப்பினார். "என்னம்மா இது, இனிப்பு திகட்டித் தொண்டையே அடைக்குது. சுகர்காரன் வாய்ல வைக்கிற பொருளா இது?" என்றார். மற்றவர்களும் தண்ணீர் கேட்டார்கள். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒன்றைப் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அந்த மீசைக்காரர் மேடத்தைப் பார்த்து, "சிறுகுறிஞ்சான மென்னுட்டுச் சீனியத் தின்னா மண்ணத் தின்ன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு எந்த இனிப்பும் நாக்குல ஏறாது. அது தெரிஞ்சுதானம்மா பொடிய எடுத்தீங்க? ரெண்டாவது ஜெல்லியில ருசி பாத்தீங்களாக்கும்?" என்று கேட்டார். மேடம், "இல்ல சார், ஒன்னுதான் சாப்பிடச் சொன்னேன்" என்றார்.

ஜெல்லி அடுப்பின் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எனக்கு நோய் இல்லை, நாக்கு சாகவில்லை, டீ இனிக்காததற்கு இதுதான் காரணம் என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. நான் சாப்பிட்ட இரண்டாவதும் மூன்றாவதும்தான் இந்த ஜெல்லியை இப்படி ஆக்கியிருக்கிறது. வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. நான் பாகைக் கிண்டிக்கொண்டே நின்றேன். அந்த வாரத்தோடு மேடத்தை நிறுத்திவிட்டார்கள். போகிறபோது என்னிடம் வந்து, "எங்கயோ தப்பு நடந்திருக்குக்கா. எங்கன்னுதான் புடிபடல" என்றார். நான், "ஆமா மேடம்" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

பிறகு நானும் அந்தக் கம்பெனியை விட்டு ஒரு மசாலாக் கம்பெனிக்குப் போனேன். போன மாதம் மேடத்திடமிருந்து போன் வந்தது. டீக்கார அண்ணனிடம் நம்பர் வாங்கினாராம். பசுமலையில் வாடகைக்கு இடம் பிடித்துச் சொந்தமாக ஜெல்லி போடுகிறாராம், அதே சிறுகுறிஞ்சான்தான். "வேற யாரும் சரிப்பட மாட்டேங்கிறாங்கக்கா, நீங்க வாங்க" என்றார். மூன்று நாள் தூங்கவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம், வேலை கிடைக்காவிட்டாலும் சரி என்று பஸ் ஏறினேன்.

உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். "மேடம், அன்னைக்கு நீங்க ஒன்னு சாப்பிடச் சொன்னீங்க. நான் தட்டுல இருந்த எல்லாத்தையும் சாப்பிட்டேன். தெனமும்." அவருக்கு முதலில் விளங்கவில்லை. "சாப்பிட்டீங்களா? நீங்களா?" என்றார். "தட்டு காலியாகுறது எனக்குத் தெரியும்க்கா. நான் எண்ணித்தான வைப்பேன். அண்ணனுக்குச் சுகருன்னு சொன்னீங்கள்ல, கேக்கக் கூச்சப்பட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். போகட்டும்னுதான் அம்புட்டையும் கூட்டிக் கூட்டி வச்சேன்." இவ்வளவு நாள் அவர் கண்ணில் நான் திருடியாக இருந்திருக்கிறேன். அந்தத் திருடிக்கு அவர் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறார். அதையும் நான் அங்கேயே நின்று தின்றிருக்கிறேன். "அவருக்கு ஒன்னுகூடக் குடுக்கல மேடம். மாத்திரையோட சேந்து ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேலை போன அன்னைக்கு உசிலம்பட்டி பஸ்ல அதைத்தான்க்கா நெனச்சுக்கிட்டுப் போனேன். வேற யாருக்கும் போய்ச் சேரல, ஒரு மனுசனுக்காவது போய்ச் சேந்துச்சேன்னு. அதுலதான் மனசத் தேத்துனேன்" என்றார். பிறகு சிரித்தார். அது சிரிப்புதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார். பஸ் ஸ்டாப்வரை கூடவே நடந்து வந்தார்.

என் பாரத்தை இறக்கப் போய், அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டேனா? சொன்னது சரியா, சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"கூறு கெட்டவளே, எம் புருசன் தின்னாருன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? அந்தப் பிள்ள எங்கிட்டக் கேட்டா நான் என்ன இல்லன்னா சொல்லப் போறேன்?"