எழுதப்படாத மாடி

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்தப் பாலிசியை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் கையோடு போட்டுக்கொடுத்த காப்பீடு. தெருக்கோடி வீட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து தீப்பிடித்து, பாலிசியில் எழுதாத பின்கட்டுக்கு ஒரு காசும் வரவில்லை என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவைத் துழாவி எடுத்துவிட்டேன்.

'தரைத்தளம் மட்டும்' என்று இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு. கடனுக்குப் பிறகு கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மேலே தகரக் கூரை. நகராட்சியிலிருந்து யாராவது கேட்டால் துணி காயப்போடும் கொட்டகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தகரம். வீட்டு வரி ஏறிவிடுமென்று நானும் கணவரும் சேர்ந்து போட்ட திட்டம். அப்போது எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். வரிக்கு மறைத்த மாடியைக் காப்பீட்டில் மட்டும் எப்படிக் காட்டுவது?

"இத்தினி வருசமா இன்னா ஆயிடுச்சி? நீ எதுக்கு இப்ப மேலயும் கீழயும் அலைஞ்சிகினு கீற?" என்றார் கணவர்.

"ஆன பிறகு சொன்னா எவன் கேப்பான்?" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீடு முருகன் மலையடிவாரத்தில். ஒவ்வோர் ஆடிக்கும் நகரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று காவடியோடு வந்து எங்கள் மாடியில் மூன்று நாள் தங்கும். எப்போதோ ஒரு மழையில் வாசலில் ஒதுங்கியவர்கள். அவர்களிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை. அவர்களில் மூத்தவளை அக்கா என்று கூப்பிடுவேன். மலையேறும் காலையில் அவள் மாடியில் பொங்கல் வைப்பாள். அது பொங்கிய பிறகுதான் காவடி தோளேறும்.

அந்த வருடம் அவர்களை என்னால் நிம்மதியாக இருக்கவிடவே முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று ஒருமுறை, பாய் போதுமா என்று ஒருமுறை, சும்மாவே நாலுமுறை ஏறிப் போனேன். கிருத்திகைக் காலையில் ஏறியபோது கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. மேலே கொடியில் மஞ்சள் வேட்டிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. தட்டை நகர்த்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாய்ந்து போய் சிலிண்டரை மூடினேன். நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்த பொங்கல் அப்படியே அடங்கிவிட்டது.

அக்கா பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவில் மூன்று செங்கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, அங்கே பொங்கவைத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது எப்போதும் "போயிட்டு வர்றோம்மா" என்பவள், "போறோம்மா" என்றாள்.

அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. அதற்கு மருந்து பாலிசிதான் என்று நினைத்தேன். கணவரோடு சண்டை போட்டு நகராட்சியில் மாடியைப் பதிவு செய்து வரி கட்டினேன். காப்பீட்டு ஏஜென்டை வரவழைத்தேன். அவர் டேப் பிடித்து மாடியையும் அளந்தார்.

"மனை விலய சேக்காதீங்க. இன்னிக்கி இதே வீட்ட மறுபடி கட்டணும்னா எவ்ளோ ஆவுமோ, அதுக்குப் போடணும்" என்றார்.

ஆடியில் காவடிக்காரர்கள் தங்கிச் சமைப்பதையும் எழுதச் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்குங்க?"

"எழுதுங்க."

எழுதினார். கம்பெனியும் ஒப்புக்கொண்டது. பாலிசி வந்த அன்று மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

அடுத்த ஆடிக்கு அவர்கள் வரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து கால் வலித்தது. கடைசியில் சரவணப் பொய்கைப் படியில் அக்காவைக் கண்டுபிடித்தேன். கோயில் பக்கம் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தார்கள்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே எனக்கு பயமில்ல. வாங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கறப்ப அணைஞ்ச எடத்துல நாங்க மறுபடி அடுப்பு ஏத்தறதில்லம்மா. எங்க வழக்கம். உன் மேல கோவம் ஒண்ணும் இல்ல."

கோபித்திருந்தால் கெஞ்சியிருப்பேன். வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். சுவர், கூரை, சமையல் மேடை, எல்லாம் பாலிசியில் இருக்கிறது. மேடையில் ஒரு தூசி இல்லை. இருந்தும் துடைத்தேன், அழுதுகொண்டே.