மாப்பிள்ளை திறக்கச் சொன்ன போர்ட்

துபாயில் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள் என் மகள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் கருட சேவை வருவதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று ஏங்கினாள். மாப்பிள்ளை அனுப்பிய கேமராவை வாசலில் மாட்டி, இன்டர்நெட் பெட்டியோடு சேர்த்தாயிற்று. அங்கே படம் தெரியவில்லை.

"அத்தை, போர்ட் மூடியிருக்குது. யாரையாவது கூப்ட்டுத் தொறக்கச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை போனில்.

எந்த போர்டு என்று மாப்பிள்ளையிடம் போய்க் கேட்பதா? எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சுவிட்ச் போர்டைக் கழற்றினார்.

"உள்ள ஒண்ணும் கெட்டுப்போவலியேம்மா!"

கேமராவும் பெட்டியும் அணைந்துபோயின. தெருமுனையில் மேளம் கேட்டது.

"போர்டைத் தொறந்தாச்சு மாப்ளே, இன்னுமா தெரியல?"

"ஐயோ அத்தை, கரன்ட் போர்டா? நான் சொன்ன போர்ட், வெளியிலேர்ந்து கேமராவைப் பாக்க இன்டர்நெட் பெட்டிக்குள்ள விடுற வழி!"

"அப்ப வழின்னு சொல்றதுக்கு என்னா?"

அதற்குள் பெருமாள் வாசலுக்கே வந்துவிட்டார். ரிசீவரைத் தெருப்பக்கம் நீட்டினேன். அங்கே போனை வாங்கி, "நாயனம் கேக்குதும்மா" என்ற மகள், அப்படியே அழுதுவிட்டாள்.

மாப்பிள்ளையும் தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கேட்காமல் கௌரவம் பார்த்தது நான். பெருமாளைப் பார்க்காமல் போனது அவள்.