கேன் நிறையவில்லை

தையல் ஆலையில் அவளுக்குக் குச்சியக்கா என்று பெயர். காற்றடித்தால் துணியோடு அவளும் பறப்பாள் என்பார்கள். காலர் தைக்கும் வரிசையில் ஒருத்தி எழுந்தால் பின்னால் வேலை தேங்கும்; சூப்பர்வைசர் கத்துவார். அதனால் அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே போகவேண்டும்?

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபோது, ஒன்றைத் தானமாகக் கொடுக்க வீட்டில் ரத்தம் பொருந்தியது அவளுக்கு மட்டும்தான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் பிரமாதமாக இருந்தது. தம்பி மனைவி அன்று அவள் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். கல்யாணமாகாத நாத்தனாருக்கு அந்த வீட்டில் அது புதுசு.

டாக்டரம்மா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். “இதை அப்படியே நம்ப முடியாதும்மா. கிரியாட்டினின் தசையிலேர்ந்து வர்றது. உங்ககிட்ட தசை எங்க இருக்கு? சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் நல்லாத்தான் காட்டும். ஒரு நாள் முழுக்கப் போறதைச் சொட்டு விடாம கேன்ல பிடிச்சுக் கொண்டாங்க.”

லீவு கிடைக்கவில்லை. கேனைத் துணிப்பையில் மறைத்து ஆலைக்கே கொண்டுபோனாள்.

“என்னக்கா, ஜூஸா? எங்களுக்கும் ஊத்து!” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

“சூப்பர்வைசருக்குப் போக மிச்சம் இருந்தா தர்றேன்டி.”

சொட்டு விடாமல்தான் பிடித்தாள். கேனில் கால்வாசிகூட நிறையவில்லை. அதை வைத்துப் போட்ட சிறுநீரகக் கணக்கும் குறைவாகவே வந்தது. குறைந்தது சிறுநீரகமா, பிடித்த அளவா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தம்பி மனைவி சொல்லிவிட்டாள்.

“பாதியைக் கொட்டிட்டீங்க. குடுக்க மனசில்லேன்னா எங்ககிட்ட சொல்லுங்க அண்ணி, சாக்கடைகிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

“சத்தியமா கொட்டலை.”

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடைசிச் சோதனைக்கு உடம்பின் பருமனும் தேவையில்லை, கேனும் தேவையில்லை. ஊசியில் மருந்தேற்றி, அது எவ்வளவு வேகமாக ரத்தத்தைவிட்டுப் போகிறது என்று விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கையை நீட்டி உட்கார்ந்தவள், எண் மோசமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கொட்டவில்லை என்று அதுவாவது சொல்லட்டும்.

வேண்டுதல் பலித்தது.

“கேன்ல வந்த கணக்கு சரிதான். உங்களுக்கே பாதிதான் வேலை செய்யுது. தானம் பண்ண முடியாது. இனிமே நீங்களும் இங்க வைத்தியத்துக்கு வரணும்.”

அவள் வழக்கில் ஜெயித்தவளைப்போலத் திரும்பினாள். “கேட்டியா? நான் கொட்டலை.”

தம்பி மனைவி போனில் அடுத்த சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“கொட்டினீங்கன்னு யாரு சொன்னா இப்ப? கொஞ்சம் நகருங்க அண்ணி, இங்க சிக்னலே கிடைக்கலை.”