இருபது மணி நேரத்துக்காரி

வாரத்துக்கு இருபது மணி நேரம். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு அது தீர்ந்துபோகும். லியோபா ஷ்டேலே எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வாள். வாசலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவியில் அட்டையைக் காட்டுவாள். 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சரக்கு இறக்கும் கதவு வழியாக உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அதே நாற்காலியில் மாலை ஐந்து வரை உட்கார்ந்து வேலை பார்ப்பாள். வெள்ளிக்கிழமைகளில் வாசல் பக்கமே போவதில்லை. நேராகச் சரக்குக் கதவுதான். மூன்று வருடமாக இப்படி.

படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர் இருபது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாணவர் சலுகை போய், காப்பீட்டுப் பிடித்தம் முழுசாக விழும், கம்பெனிக்கும் சேர்த்து. லியோபா விதியை மீறுகிற ஜாதியில்லை. தெருவில் ஒரு வண்டிகூட இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்று பச்சைக்குக் காத்திருப்பவள். எனவே கணக்கில் இருபது மணி நேரத்தை நிறுத்திவிட்டு, மிச்சத்தை இலவசமாகப் பார்த்தாள். எப்படியும் ஒருநாள் கவனிப்பார்கள் என்று நம்பினாள்.

தெற்கு ஜெர்மனியில், ஷ்வாபிய மலையடிவாரத்துச் சின்ன ஊர். பால் பண்ணைப் பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. கோப்புகளை அடுக்கிவைக்கத்தான் அவளை எடுத்தார்கள், மணிக்குப் பதினான்கரை யூரோவுக்கு. ஆறாவது மாதம், உதிரிபாகப் பிரிவை முப்பது வருடம் பார்த்துவந்த லாங் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். இன்னும் தேடுகிறார்கள். லாங் எந்த வளையத்தை எந்த அலமாரியில், எந்தத் தர்க்கத்தில் வைத்தார் என்பது இன்று லியோபாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் வருகிறவர்களிடம் அவளை, "இது எங்க ஸ்டூடன்ட்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள், அலுவலகப் பூனையைக் காட்டுகிற அதே குரலில்.

இருபத்தாறு வயது. வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸல் என்ற முடிச்சு ரொட்டியில் தடித்த பாகத்தை முதலில் தின்றுவிட்டு, மொறுமொறுப்பான கைகளை மத்தியானத்துக்கு எடுத்துவைப்பாள். தயிர் டப்பாவில் பெயரோடு தேதியும் எழுதுவாள். யாராவது பாராட்டினால் உடனே மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஜூலையில் ஆய்வேடு முடிந்தது. அக்டோபரிலிருந்து முழு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி ஐசெலே சொல்லியனுப்பினார். சம்பளம் பேச வேண்டும். எவ்வளவு கேட்பது?

அந்த ஊரில் குடலிறக்க அறுவை சிகிச்சையைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் விவரமாகப் பேசுவார்கள், தழும்பைக்கூடக் காட்டுவார்கள். சம்பளத்தை மட்டும் கட்டின மனைவியிடமும் சொல்லமாட்டார்கள். எல்லார் சம்பளமும் தெரிந்த ஒரே ஆள், கணக்குப் பிரிவின் ராப் அம்மாள், அங்கே அழைக்கிறபடி ஃப்ராவ் ராப். லியோபா அலுவலகச் சமையலறையில் அவரைப் பிடித்தாள்.

"லாங் எவ்வளவு வாங்கினாருன்னு..."

"அதெல்லாம் நான் சொல்ல முடியாதும்மா." ஃப்ராவ் ராப் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"வருஷத்துக்கு நாப்பதாயிரமா?" கரண்டி சுற்றியது.

"நாப்பத்தி நாலு?" சுற்றியது.

"நாப்பத்தி எட்டு?"

கரண்டி நின்றது. "காபி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் காபியில் சர்க்கரை போடுவதில்லை என்பது லியோபாவுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சந்திப்புக்கு ஐசெலே குறித்த நேரம் வியாழக்கிழமை மூன்று மணி. பதிவேட்டின்படி அவள் வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இது இருவருக்குமே உறுத்தவில்லை.

ஐசெலே கெட்டவர் இல்லை. பதினெட்டு வருடப் பழைய காரை ஓட்டுகிறார். பகலில் யாராவது விளக்குப் போட்டால் அணைத்துவிட்டு, "சூரியனுக்கு நாம பில் கட்றதில்லை" என்பார். அன்று விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பிஸ்கட்டையே எடுத்து வைத்திருந்தார்.

"உங்க வேலையில எங்களுக்கு ரொம்பத் திருப்தி, ஃப்ராவ் ஷ்டேலே. சொல்லுங்க, என்ன எதிர்பார்க்கறீங்க?"

எதிரே மேஜையைத் துடைக்கத் துணி இல்லாததால் அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். "நாப்பத்தி எட்டாயிரம். லாங் பார்த்த வேலை மொத்தத்தையும் நான்தான் பார்க்கறேன்."

"மொத்தமும்" என்று ஐசெலே பெருமையாகத் தலையாட்டினார். ஒரு காகிதத்தைத் திருப்பிவைத்தார். அவளுடைய மூன்று வருட வருகைப் பதிவு. "இருபது. இருபது. இருபது. ஒரு நிமிஷம் கூடுதல் இல்லை. லாங் நாப்பது மணி நேரத்துல செஞ்சதை நீங்க இருபதுல முடிச்சிடறீங்க."

"ஆமா, ஆனா..."

"அப்போ மிச்ச இருபது மணி நேரத்துக்கு நான் எங்க போய் உங்களுக்கு வேலை தேடறது? நீங்களே சொல்லுங்க. முப்பத்தொன்பதாயிரம் தர்றேன். சும்மா இருக்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் தர்றேன்."

லியோபா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் மூன்று வருடம் விதியை மீறினேன் என்று தானே எழுதிக்கொடுத்தது போலாகும். ஐசெலேயின் ஜன்னல் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தது. அங்கே அவளுடைய பச்சை சைக்கிள் நின்றது. வியாழனும் வெள்ளியும் மாலை ஐந்து வரை அது அங்கேதான் நிற்கும். ஐசெலே ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்லுங்க. அவசரமே இல்லை."

அடுத்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லியோபா அட்டையைக் காட்டினாள். 'பீப்.' கட்டடத்தைச் சுற்றவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றரை மணிக்கு அவள் வீட்டில் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"ஃப்ராவ் ஷ்டேலே, அல்காய் மலைப்பக்கத்துப் பால் பண்ணையில பம்பு நின்னுபோச்சாம். நாப்பதாயிரம் லிட்டர் பால் நிக்குது. அந்த வளையத்தை லாங் எந்த எழவெடுத்த அலமாரியில வெச்சாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. எங்க இருக்கீங்க நீங்க?"

"வீட்டுல. பதிவைப் பாருங்க, ஹெர் ஐசெலே. பன்னெண்டு மணிக்கே கிளம்பிட்டேன்."

"அதான் தெரியுமே, இருந்தாலும்..."

"மிச்ச இருபது மணி நேரத்துக்கு வேலை தேடணும்னு சொன்னீங்க. கிடைச்சிடுச்சு போலிருக்கே."

பால் என்ன பாவம் செய்தது என்று அவளுக்குத் தோன்றியது. அலமாரி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த ஆப்பிளின் தோல் பாதியில் அறுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகச் சமையலறை மேஜையில் ஒரு ஆப்பிள் கேக் இருந்தது. அந்த ஊர் வழக்கத்தில் வேலையில் சேர்கிறவரும் கேக் கொண்டுவர வேண்டும், விட்டுப் போகிறவரும் கொண்டுவர வேண்டும். எதற்கென்று பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைப்பார்கள். இந்தக் கேக்கின் பக்கத்திலும் சீட்டு இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. மேலே ஒரு பேனா.

பன்னிரண்டு பேர் தட்டோடு நின்றார்கள். வாழ்த்துச் சொல்வதா வருத்தம் சொல்வதா என்று தெரியாமல் யாரும் கத்தியைத் தொடவில்லை. லியோபா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மூன்றாவது தடவையாக.

ஐசெலே வந்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஃப்ராவ் ஷ்டேலே, இது வர்ற கேக்கா, போற கேக்கா?"

"நீங்க எழுதறதைப் பொறுத்தது, ஹெர் ஐசெலே."

அவர் பேனாவை எடுத்தார். அவர் எழுதப்போவது ஒரு தொகை என்று புரிந்ததும் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையையும் ஜன்னலையும் தங்கள் செருப்பையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஃப்ராவ் ராப் சர்க்கரையில்லாத காபியைக் கலக்கினார். ஐசெலே எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். நாலாக மடித்துக் கொடுத்தார்.

லியோபா பிரித்துப் படித்தாள். நாற்பத்தாறாயிரம் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம். கேட்டதை அப்படியே கொடுத்தால் அவருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

சீட்டை எட்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தாள். பன்னிரண்டு துண்டு ஒரே அளவில் வெட்டினாள். ஐசெலேயின் துண்டை மட்டும் ஒரு விரல் மெல்லியதாக வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். அவர் அதை ஒரு பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

அக்டோபரின் முதல் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் வாசலில் அட்டையைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். பன்னிரண்டரைக்கு அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து, மறுபடியும் காட்டினாள்.